ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் கொண்ட கணினிக்கு ஓவர்கிளாக் செய்ய (உறுதியளித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) ஏற்ற ரேமைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ரேம் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 6000, 7200 போன்ற எண்கள் வேகத்தை மட்டுமே சொல்கின்றன. சிறிய எழுத்தில் இருக்கும் சிஎல் எண்ணையும் (தரவு வரத் தொடங்கும் வரை கடக்கும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை) சேர்த்துக் கணக்கிட்டால்தான் தரவு கேட்டவுடன் எவ்வளவு விரைவில் வரத் தொடங்கும் என்பது தெரியும். சிஎல் எண்ணை 2000 ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ விநாடியில் கிடைத்துவிடும். 6000 சிஎல்30 ரேமுக்கு 10 நானோ விநாடி. 7200 சிஎல்36 ரேமுக்கும் அதே 10 தான். 6000 சிஎல்40 ரேமுக்கோ 13.3. தாமதம் சமமாக இருக்கும்போது வேகம் கூடிய ரேமே மேல் என்று தோன்றும்.

ஆனால் ஏஎம்5 சாக்கெட்டில் அமரும் ரைசன் 7000, 9000 பிராசஸர்களில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. பிராசஸருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டகம் ரேமின் கடிகாரத்தோடு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓடுவது பொதுவாக 6000 வரையிலும், நல்ல பிராசஸர் வாய்த்தால் 6400 வரையிலும்தான். அதைத் தாண்டினால் மதர்போர்டு பெரும்பாலும் கட்டுப்பாட்டகத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிடும். அப்போது கூடுதலாகும் தாமதத்தை ஈடுகட்ட ஏறத்தாழ 8000 வரை போக வேண்டியிருக்கும், அதற்குத் தாக்குப்பிடிக்கும் மதர்போர்டோ விலை அதிகம். ஆகவே இந்தப் பிராசஸர்களுக்கு 7200 ரேம் வாங்குவதைவிட 6000 சிஎல்30 வாங்குவதே என் பரிந்துரை. பெரிய எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) கொண்ட 7800எக்ஸ்3டி போன்றவற்றில் ரேமின் வேறுபாடு விளையாட்டுகளில் குறைவாகவே தெரியும் என்பதால், விலை இறங்குமானால் 6000 சிஎல்36 கூடப் போதும்.

மேற்கொண்டு டைமிங்கை (சிஎல் போன்ற தாமத எண்களை) இறுக்க விரும்புவோர் உள்ளே இருக்கும் சில்லையும் கவனிக்க வேண்டும். இந்தப் பிராசஸர்கள் ஏற்கும் டிடிஆர்5 வகை ரேமில் எஸ்கே ஹைனிக்ஸின் ஏ-டை, எம்-டை சில்லுகளே ஓவர்கிளாக் செய்வோரின் முதல் தேர்வு. ஆனால் சில்லின் பெயரைப் பெட்டியில் பெரும்பாலும் போடுவதில்லை. 6000 சிஎல்30 என்று விற்கப்படுபவற்றில் ஹைனிக்ஸ் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

இரண்டு ரேம் போதும், நான்கு வேண்டாம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகமே இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு 3600 தான். 64 ஜிபி தேவையென்றால் இரண்டு 32 ஜிபி ரேம்களை வாங்கி, வழக்கமாக பிராசஸரிலிருந்து இரண்டாவதும் நான்காவதுமான இடங்களில் செருக வேண்டும். மதர்போர்டின் கையேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கியதும் முதல் துவக்கத்தில் திரை சில நிமிடங்கள் இருண்டே இருந்தால் பதற வேண்டாம்; அது மதர்போர்டு ரேமுக்கு ஏற்ற அமைப்புகளைத் தேடிப் பார்க்கும் ரேம் பயிற்சி. நினைவகக் கட்டுப்பாட்டகம் உள்ள பகுதிக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதிருப்பதை உறுதிசெய்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுவதும் ஓட விட வேண்டும். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் டைமிங்கை ஒரு படி தளர்த்திவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.