அப்ரண்டிஸ் நேர்காணலுக்கு வருகிறவர்களுக்கு

எங்கள் பட்டறையில் அப்ரண்டிஸ் எடுக்கும்போது நேர்காணலில் நானும் உட்காருவேன். மார்க்கை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் ஒரு எஃகுத் தண்டையும், நுண்ணிய அளவெடுக்கும் கருவியான மைக்ரோமீட்டரையும் மேசையில் வைத்து, "விட்டத்தை அளந்து சொல்லுங்கள்" என்பேன்.

அதற்கு முன் தகுதி விஷயம். பொதுவாகப் பள்ளிப் படிப்பில் கணிதமும் அறிவியலும் தேறியிருக்க வேண்டும். வயது வரம்பு, சான்றிதழ்கள் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும், அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். மின்சாரப் பிரிவு என்றால் நிறப் பார்வைச் சோதனை இருக்கலாம், வயர்களை நிறத்தை வைத்துத்தானே பிரிக்கிறோம். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே கண்ணைச் சோதித்துக்கொண்டு பிரிவைத் தேர்ந்தெடுங்கள்.

கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். ஒரு முனை 40 மி.மீ., மறுமுனை 30 மி.மீ., நீளம் 50 மி.மீ. உள்ள டேப்பரை, அதாவது ஒரு முனை நோக்கிச் சிறுத்துப்போகும் தண்டை, லேத் என்ற கடைசல் மெஷினில் கடைய வேண்டும். வெட்டும் உளியைக் கோணமாக நகர்த்தும் காம்பவுண்ட் ரெஸ்ட்டை எவ்வளவு திருப்புவது? விட்ட வித்தியாசம் 10, அதில் பாதி 5. அதை 50-ஆல் வகுத்தால் 0.1. டேன் மதிப்பு 0.1 வருகிற கோணம் சுமார் 5.7 டிகிரி. இவ்வளவுதான். ஆனால் இது கைவராவிட்டால் மெஷின் முன்னால் சும்மா நிற்க வேண்டியதுதான்.

சரி, அந்த மைக்ரோமீட்டர். சிலர் எடுத்த வேகத்தில் தண்டைக் கவ்வி எண்ணைச் சொல்லிவிடுவார்கள். சிலர் முதலில் கருவியின் இரண்டு அளக்கும் முகங்களையும் துடைத்து, மூடி, பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இவர்களை நான் குறித்துக்கொள்வேன். கருவியைப் பிடிக்கத் தெரியாதவர் "எனக்கு இது புதிது, ஒருமுறை காட்டுங்கள்" என்றால் அவரையும் குறித்துக்கொள்வேன்.

காரணம் என் அனுபவம். நான் பயிற்சிக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், 25.48 மி.மீ. இருந்த தண்டை 25.98 என்று படித்துவிட்டேன். அந்த அளவில் மைக்ரோமீட்டரின் அரை மி.மீ. கோடு லேசாக எட்டிப் பார்க்கும், அது ஏமாற்றிவிட்டது, அந்த அரையையும் கூட்டிவிட்டேன். 25-இல் நிற்க வேண்டிய தண்டு 24.5-க்குப் போய்விட்டது. பயத்தில் அதை மற்ற தண்டுகளோடு கலந்து வைத்துவிட்டேன். பேரிங் மாட்டும்போது குட்டு உடைந்தது. அதோடு போன எல்லாத் தண்டுகளையும் இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மறுபடி அளந்தார்கள். "அப்போதே சொல்லியிருந்தால் ஒரு தண்டோடு முடிந்திருக்கும்" என்றார் என் பயிற்சியாளர். வேறு எதுவும் சொல்லவில்லை, எனக்கு அதுவே தாங்கவில்லை.

அதனால் எல்லோரிடமும் கேட்பேன்: "நீங்கள் கெடுத்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள்." ஒரு பெண் சைக்கிள் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைக் கழற்றிய கதையைச் சொன்னார். மாட்டிய பிறகு ஒரு பேரிங் குண்டு மிச்சம். மறுபடி பிரித்து, இந்த முறை ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் தாளில் வரைந்துகொண்டாராம். கேட்டதும் என் பேனா அவர் பெயருக்கு நேராகப் போய்விட்டது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும், மறைக்காமல் சொல்லுங்கள்.

நேரத்துக்கு வருவது, பல மணி நேரம் நின்று வேலை செய்வது, இதெல்லாம் பழகினால் வந்துவிடும். பாதுகாப்பு மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும்: தொளதொளச் சட்டை கூடாது, சுழலும் மெஷினில் கையுறை கூடாது, பொருளைக் கவ்வும் சக்கை இறுக்கும் சக் கீயை சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்கக் கூடாது.

நேர்காணலுக்கு முன் ஒரு மைக்ரோமீட்டர் கிடைத்தால் ஒரே ஆணியை ஒரே இடத்தில் பத்து முறை அளந்து எழுதுங்கள். எண்கள் மாறினால், ஒரே அழுத்தத்தில் நிற்க வைக்கும் முனைத் திருகான ராட்செட்டை மட்டும் பிடித்துத் திருப்பி இன்னொரு பத்து எழுதுங்கள். அப்புறம் அந்தத் தாளை நேர்காணலுக்குக் கொண்டு வாருங்கள், நான் வாங்கிப் பார்ப்பேன்.