டெல்டாவிலிருந்து ஒரு வலைப்பூ: வாசகரை வரவழைக்கவும், பாதியில் விட்டுவிடாமல் இருக்கவும்

கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாக்கரில் கணக்குத் திறந்து, ஐந்தாறு பதிவு போட்டு, நாளுக்கு மூன்று பேர் கூட வராமல் சோர்ந்துபோனவர்களுக்கான குறிப்பு இது. கணக்குத் திறப்பது, வார்ப்புரு மாற்றுவது, படம் ஏற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வலைப்பூ நடத்த உதவும் இன்னொரு மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸா பிளாக்கரா என்று கேட்டால், முதல் வருடத்துக்குப் பிளாக்கர் போதும். வேர்ட்பிரஸ்ஸுக்கென்று இணையத்தில் சொந்தமாக இடம் வாங்கி வைத்தால் ஆண்டுச் சந்தா கட்ட மறந்த அன்று எல்லாப் பதிவும் காணாமல் போகும். நூறு பதிவு சேர்ந்தபிறகு மாறிக்கொள்ளலாம்.

படி 1: தலைப்பைச் சின்னதாக நறுக்குங்கள்

நன்றாக எழுதியும் ஆள் வராத வலைப்பூக்களைத் திறந்து பார்த்தால், ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிய தலைப்பில்தான் பெரும்பாலும் நிற்கின்றன. ‘தஞ்சைப் பெரிய கோயில் வரலாறு’ என்று எழுதினால் உங்கள் பக்கம் தேடலில் எங்கோ அடியில் கிடக்கும். ‘பிரதோஷத்தன்று பெரிய கோயிலுக்கு வண்டியில் போனால் எங்கே நிறுத்துவது, எந்த வழியாக வெளியே வருவது’ என்று எழுதுங்கள். இதை ஊர்க்காரர்தான் எழுத முடியும். பிரதோஷம் மாதம் இரண்டு முறை வருவதால் அந்தப் பக்கத்துக்கு ஆண்டு முழுவதும் தேவை இருக்கும்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் பெருமையைப் பேசும் பக்கங்கள் நிறைய உண்டு. அந்த விளக்கு அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, பிரபை என்று நான்காகக் கழலும். அதைக் கழற்றித் துலக்கி, மரை ஏறுமாறாகாமல் மறுபடி மாட்டுவதை எட்டுப் படத்தோடு போடுங்கள். வீட்டில் விளக்கு வைத்திருப்பவர் தேடுவது அதைத்தான்.

நல்ல தலைப்பை அடையாளம் காண ஒரு வழி: உங்களிடம் யாராவது வாயால் கேட்ட கேள்வியாக இருக்க வேண்டும். கடைத்தெருவில், பஸ்ஸில், வெளியூர்ச் சொந்தக்காரர் போனில் கேட்டதை அவர் கேட்ட வார்த்தையிலேயே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் இரண்டு விதமாகவும் பதிவுக்குள் கொண்டுவாருங்கள்: மயிலாடுதுறை என்று ஒருவர் தேடுவார், மாயவரம் என்று அவருடைய அப்பா தேடுவார். கும்பகோணம்–குடந்தை, தஞ்சாவூர்–தஞ்சை எல்லாம் அப்படியே. தலைப்பில் ஒன்று, முதல் பத்தியில் மற்றொன்று போதும்.

படி 2: எழுத்து சரியாக இருக்கிறதா?

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பிழை என்பதால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

‘பௌர்ணமி’ என்று எழுத ‘ௌ’ என்று ஒரே குறி இருக்கிறது. பலர் அதற்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும், பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். நாகப்பட்டினம் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைப் பற்றி ஒருவர் நாள்கணக்காக உழைத்து எழுதியிருப்பார். ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் சரியாக அடித்துத் தேடுபவருக்கு அந்த வலைப்பூவின் சொந்தத் தேடல் பெட்டியே ‘எதுவும் இல்லை’ என்று சொல்லும்.

சோதிப்பது எளிது. சொல்லில் அந்த எழுத்துக்கு அடுத்து கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரு முறை தட்டுங்கள். குறி முழுவதும் போய் ‘ப’ மட்டும் நின்றால் சரி. ‘பெ’ என்று நின்றால் தவறு.

திருத்தும்போது ‘ஃபைண்ட் அண்ட் ரீபிளேஸ்’ போட்டு எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றிவிடாதீர்கள். வெள்ளம், வெள்ளாமை, தெளிப்பு, கெளுத்தி என்று டெல்டாக்காரர் எழுத்தில் கொம்பும் ‘ள’வும் நியாயமாகவே சேர்ந்து வரும் சொற்கள் ஏராளம். மொத்தமாக மாற்றினால் அத்தனையும் சிதையும். கௌரி, சௌந்தரம், மௌனம், வௌவால், சௌராஷ்டிரம், பௌர்ணமி என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுங்கள்.

தமிழ் எண்களிலும் இதே வம்பு. ‘க’வும் தமிழ் ஒன்றும், ‘உ’வும் தமிழ் இரண்டும், ‘எ’யும் தமிழ் ஏழும், ‘அ’வும் தமிழ் எட்டும் பார்க்க அண்ணன் தம்பிபோல் இருக்கும். சில விசைப்பலகைகளில் கை தவறி எண் விழுந்துவிடும்.

விசைப்பலகை என்றால் என் பரிந்துரை தமிழ்99. சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. பழக இரண்டு வாரம் ஆகும். பழகிவிட்டால் ஆங்கில எழுத்தில் தமிழை யோசிக்கும் தொல்லை விட்டுப்போகும். கணினியில் என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருள் வழியாகவும், போனில் தமிழ்99 அமைப்புள்ள செயலி வழியாகவும் அடிக்கலாம். நாம் பேசினால் போனே எழுதிக்கொள்ளும் வசதி முதல் வரைவுக்கு உதவும். ஆனால் ‘மதகு’, ‘தாளடி’, ‘நாற்றங்கால்’ போன்ற சொற்களை அது என்னவாக எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய விண்டோஸ் நோட்பேடில் வரைவு எழுதுபவர்கள் கவனிக்க: சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுக்காவிட்டால், மறுநாள் திறக்கையில் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும். மீட்க வழி கிடையாது.

படி 3: முகவரியை நீங்களே வையுங்கள்

தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கருக்கு அதிலிருந்து பதிவின் இணைய முகவரியை உருவாக்கத் தெரியாது. ‘பிளாக்-போஸ்ட்’ என்று எழுதிப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். வேர்ட்பிரஸ்ஸில் கதை வேறு: தமிழைச் சதவீதக் குறிகளாக மாற்றி நீட்டும். ஒரு தமிழ்க் குறிக்கு (எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) ஒன்பது எழுத்து என்று கணக்கு. அங்கே முகவரிக்கு 200 எழுத்துதான் எல்லை என்பதால், இருபத்திரண்டு குறிக்கு மேல் தலைப்பு நீண்டால் நடுவிலேயே அறுந்துபோகும்.

பிளாக்கரில் பதிவு எழுதும் பக்கத்தின் வலப்புறம், முகவரிக்கான ‘பெர்மாலிங்க்’ இருக்கும். அதில் ‘கஸ்டம்’ தேர்ந்தெடுத்து, ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல், நடுவில் சிறு கோடு போட்டு எழுதுங்கள். வெளியிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. வெளியிட்ட பிறகு மாற்ற வேண்டுமானால் பதிவை வரைவுக்குத் திருப்பி, முகவரியை மாற்றி, மறுபடி வெளியிட வேண்டும். பிறகு ‘செட்டிங்ஸ்’ஸில் ‘எரர்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்’ பகுதிக்குப் போய்ப் பழைய முகவரியிலிருந்து புதியதுக்கு வழி போடுங்கள். இரண்டு முகவரியும் சாய்கோட்டில் தொடங்க வேண்டும். வலைப்பூவின் பெயர் சேர்க்கக்கூடாது.

முகவரியில் ஆண்டைப் போடாதீர்கள். மேட்டூர் அணை திறப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. குறுவைக்கு நாற்றுவிடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் ஒவ்வோர் ஆண்டும் இதைத் தேடுவார். ஆண்டுக்கொரு புதுப்பதிவு போட்டால் மூன்று பழைய பக்கங்களும் ஒரு புதிய பக்கமும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும். ஒரே முகவரி, உள்ளே ஆண்டுவாரியாக ஒரு பட்டியல், மேலே ‘கடைசியாகச் சரிபார்த்த நாள்’ என்று ஒரு வரி. ஆடிப்பெருக்கு, திருவையாறு ஆராதனை, வேளாங்கண்ணித் திருவிழாப் பக்கங்களுக்கும் இதே முறைதான். விழாவுக்கு ஐந்தாறு வாரம் முன்பே பக்கத்தைத் தயாராக்கிவிடுங்கள்; கொடியேறிய பிறகு போட்டால் தேடுபொறி அதைக் கண்டெடுப்பதற்குள் தேர் நிலைக்கு வந்துவிடும்.

படி 4: சர்ச் கன்சோல்

உங்கள் பக்கம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் இலவசக் கருவி கூகுள் சர்ச் கன்சோல். முதல் பதிவு போடும் நாளே அதில் வலைப்பூவை இணைத்து, பதிவுகளின் முகவரிப் பட்டியலான சைட்மேப்பைக் கொடுத்துவிடுங்கள். பிளாக்கர் ‘செட்டிங்ஸ்’ஸில் தேடுபொறிக்குத் தெரியட்டும் என்ற பொத்தான் இயங்குகிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான். மூன்று மாதம் அந்தப் பக்கம் போக வேண்டாம். 16 மாதக் கணக்கு அங்கே பத்திரமாக இருக்கும்.

படி 5: வாட்ஸ்ஆப்

நம் ஊர் வாசகர் முதலில் வருவது வாட்ஸ்ஆப் வழியாகத்தான். வெறும் இணைப்பை எறிந்தால் யாரும் தொடமாட்டார்கள். கேள்வியையும் விடையின் பாதியையும் இரண்டு வரியில் எழுதி, கீழே இணைப்பைப் போடுங்கள். விடை அங்கேயே கிடைத்துவிட்டதால் வராமல் போகிறவர் போகட்டும். அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்தால் திறப்பார்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். அதைவிட முக்கியம், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். 200 பேருக்கு அனுப்பிவிட்டு 15 பேர் பார்த்தார்கள் என்று வருந்துவதில் பொருளில்லை. மற்றவர்களிடம் செய்தி போயே இருக்காது. விரும்பியவர் தாமே பின்தொடரும் வாட்ஸ்ஆப் சேனல் தொடங்குங்கள், அதற்கு எண்ணைச் சேமிக்கத் தேவையில்லை.

இணைப்போடு படம் வராவிட்டால் படத்தின் எடையைப் பாருங்கள். 1200க்கு 630 பிக்சல் அளவில், 300 கிலோபைட்டுக்குள் வைத்தால் தொல்லையில்லை.

படி 6: ஒரு குறுவைக் கணக்கு

நடுவில் விட்டுப்போவதற்கு முக்கியக் காரணம், தினமும் வருகை எண்ணிக்கையைப் பார்ப்பது. அந்த எண்ணில் இயந்திர வருகையும் கலந்திருக்கும், உங்கள் சொந்த வருகையும் இருக்கும். சோர்வதற்கும் மகிழ்வதற்கும் அது தகுந்த அளவுகோல் ஆகாது.

குறுவைக்குப் போடும் ஆடுதுறை 43 நெல்லுக்கு வயது 110 நாள். அதையே உங்கள் போகமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் 25 நாள் நாற்றங்கால்: எதையும் வெளியிடாமல் ஐந்து பதிவு எழுதி முடியுங்கள். மீதி 85 நாளில் வாரத்துக்கு ஒன்றாக 12 பதிவு வெளிவரும். ஐந்து கையிருப்பு இருப்பதால் அந்தப் பன்னிரண்டு வாரத்தில் புதிதாக எழுத வேண்டியது ஏழுதான். காய்ச்சல், கல்யாணம், கரண்ட் இல்லாத வாரம் என்று ஐந்து வாரம் எழுதாமல் போனாலும் தொடர் அறுபடாது. குதிரில் நெல் இருக்கும் வீட்டுக்கு ஒரு மழை தப்பினால் பதற்றம் வராது, அதைப்போல.

விவசாய வீடு என்றால் சம்பா அறுவடை முடிந்து மாசியில் தொடங்குங்கள். தையில் தொடங்கினால் களத்து வேலையில் முதல் மாதமே போய்விடும்.

110ஆம் நாள் சர்ச் கன்சோலைத் திறவுங்கள். அடிக்கடி காட்டப்பட்டும் யாரும் தொடாத பக்கம் இருந்தால் தலைப்பை மாற்றுங்கள். தேடல் முடிவில் ஒரு பக்கத்தின் சராசரி இடம் எட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் இருந்தால், தேடியவர் அடித்த சொற்களைப் படித்து, அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு பத்தி சேருங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத கேள்விகள் அங்கே கிடக்கும். அடுத்த போகத்துக்கு விதை அதுதான்.

பின்சேர்க்கை

காலை ஆறு மணிக்கு நேரம் குறித்து வைத்த பதிவு மாலை ஆறரைக்கோ ஏழரைக்கோ வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். உங்கள் பிளாக்கர் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இருக்கிறது. ‘செட்டிங்ஸ்’ஸில் நேர மண்டலத்தைக் கொல்கத்தாவுக்கு மாற்றுங்கள்.

மின்னஞ்சலில் தொடரும் பெட்டியை வைத்தும் யாருக்கும் அஞ்சல் போகவில்லை என்பது இன்னொரு கேள்வி. கூகுளின் ஃபீட்பர்னர் வழியான அந்த அஞ்சல் சேவை 2021இலேயே நின்றுவிட்டது; பழைய விளக்கங்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பெட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சேனல் இணைப்பை வையுங்கள்.

பதிவை அப்படியே நகலெடுத்துப் பெயரில்லாமல் குழுக்களில் சுற்றவிடுகிறார்கள் என்ற வருத்தமும் வந்தது. நகலெடுப்பதைத் தடுக்கும் நிரலைப் போடாதீர்கள்; போனில் படிப்பவருக்குத்தான் அது இடைஞ்சல். மூன்றாவது நான்காவது பத்திக்குள் வலைப்பூவின் பெயரை ஒரு வாக்கியத்தோடு இழைத்து எழுதிவிடுங்கள். படத்தில் பெயரை மூலையில் போட்டால் வெட்டிவிடுவார்கள். குத்துவிளக்குப் படம் என்றால் விளக்கின் தண்டுக்குப் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் போடுங்கள்.