ஏவுகணைக் கொம்பனியின் பங்கு வாங்கமுன் ஆண்டறிக்கையில் எதைப் பார்ப்பது?

திருகோணமலையின் ஓஸ்டன்பர்க் மேட்டில் பிரித்தானியர் பீரங்கி வைத்தது கடலால் வரும் கப்பலை அடிக்க. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் திருகோணமலையை அடித்ததோ வானத்தால். ஆயுதம் வாங்கும் அரசுகள் இப்படித்தான் தடுமாறும், பிறகு மறுபடி வாங்கும். தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகளை நம்பிப் பத்து வருசத்துக்குப் பணம் போடுபவர், ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பதைவிட மறுபடி எதை வாங்குவார்கள் என்று பார்ப்பது நல்லது.

முதலில் ஏவுகணைத் தொகுதியைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்: ராடர், கட்டளை வாகனம், ஏவி, ஏவுகணை. முதல் மூன்றும் ஒருதரம் விற்றால் பிறகு பராமரிப்பு வருமானம்தான். ஏவுகணை அப்படியல்ல. அமெரிக்காவின் பேட்ரியட் வான்காப்புத் தொகுதியின் ஏவி ஒன்றில் பேக்-3 எம்எஸ்இ ஏவுகணை 12 ஏறும். ஒரு இலக்குக்கு இரண்டு விட்டால் ஆறு இலக்கோடு ஏவி காலி, மறுபடி வாங்கவேண்டும்.

அடுத்து, எந்தத் துண்டை யார் செய்கிறார்கள் என்று எழுதுங்கள். பேட்ரியட் ராடர் ஆர்டிஎக்ஸ், பேக்-3 லொக்ஹீட் மார்ட்டின், அதன் இலக்குத்தேடும் தலை போயிங். இந்தியாவின் ஆகாஷ் வான்காப்பு ஏவுகணை பாரத் டைனமிக்ஸ், அதன் ராடர் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ். பிரம்மோஸ் ஏவுகணையைச் செய்வது இந்திய-ரஷ்யக் கூட்டு நிறுவனம், சந்தையில் அதற்குப் பங்கே கிடையாது. பிலிப்பைன்ஸ் 2022 ஜனவரியில் ஏறத்தாழ 375 மில்லியன் டொலருக்குக் கரையோரப் பிரம்மோஸ் வாங்கக் கையெழுத்திட்ட செய்தியைப் பார்த்துவிட்டு சம்பந்தமில்லாத பங்கை வாங்கினால் நட்டம் உங்களுடையது. அந்தக் கொள்வனவிலும் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது 2024 ஏப்ரலில்தான்.

முடிக்காத ஓடரின் தொகையை வருட விற்பனையால் வகுங்கள். ஓடர் 300, விற்பனை 60 என்றால் ஐந்து வருச வேலை கையில் இருக்கிறது. இந்த எண் ஏறுவதைக் கண்டு உடனே சந்தோசப்படக்கூடாது: விற்பனை நகராமல் ஓடர் மட்டும் குவிந்தால் தொழிற்சாலை எங்கோ அடைபட்டிருக்கிறது. பெரும்பாலும் ஏவுகணையைத் தள்ளும் திண்ம எரிபொருள் மோட்டாரில். அமெரிக்காவில் பெரிய மோட்டார் செய்வோர் நீண்ட காலம் இரண்டே பேர்: 2018இல் ஓர்பிட்டல் ஏடிகேயை வாங்கிய நோத்ரப் குரூமன், 2023இல் எல்3ஹாரிஸ் வாங்கிய ஏரோஜெட் ரொக்கெட்டைன். நிதி ஒதுக்கப்பட்ட ஓடர், ஒதுக்கப்படாத ஓடர் இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இன்னும் வாக்குறுதிதான்.

ஒப்பந்த வகையில்தான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டு வேலையை மேசனுக்கு மொத்தக் கொந்தராத்தாகக் கொடுத்தால் சீமெந்து விலை ஏறினால் அவர் தலையில், நாட்சம்பளத்துக்கு விட்டால் வீட்டுக்காரர் தலையில். அமெரிக்காவின் மினிட்மேன் 3 அணு ஏவுகணைக்குப் பதிலாக நோத்ரப் செய்யும் சென்டினல் திட்டத்தின் மதிப்பீடு 2024 ஜூலையில் 81 வீதம் ஏறி 140.9 பில்லியன் டொலரானது. ஏற்றத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் ஏவுகணை அல்ல, நிலத்தடி ஏவுதளங்களும் கட்டளை மையங்களும். அதன் வடிவமைப்பு ஒப்பந்தம் நாட்சம்பள வகை, ஆகவே ஏற்றத்தில் பெரும்பங்கு அரசின் தலையில். அதே நோத்ரப், மொத்தக் கொந்தராத்து விலைக்குச் செய்யும் பி-21 குண்டுவீச்சு விமானத்தில் 2023 கடைசிக் காலாண்டில் 1.56 பில்லியன் டொலர் நட்டம் எழுதியது.

இந்திய அரசுக் கொம்பனிகளை ஒரு காலாண்டை வைத்து எடைபோடாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை விற்பனை குவியும். போன வருசத்து அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். ஆகாஷ் 1983இல் தொடங்கி 2015இல்தான் இந்தியத் தரைப்படைக்குப் போனது. அவ்வளவு காலம் தொடாமல் வைக்கக்கூடிய பணம்தானா என்பதையும் பாருங்கள்.

கொழும்புப் பங்குச் சந்தையில் ஏவுகணை செய்யும் கொம்பனி எதுவும் இல்லை. வெளிநாட்டுப் பங்குக்குப் பணம் அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டது, அனுமதித் தொகை வர்த்தமானியால் மாறும். பங்கைத் தெரிவதற்கு முன்பே வங்கியில் வெளிமுக முதலீட்டுக் கணக்குப் பற்றி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "நாங்கள் டுபாயால் போட்டுத் தருகிறோம்" என்று காசைக் கையில் கேட்பவரிடம் கொடுத்தால், பங்கு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பார்க்கவே வழியிராது.