டாம்கேட் 10 போட்டதும் 404 வருதா? இதை பாருங்க

டாம்கேட்ங்கறது ஜாவா வெப் ஆப்பை ஓட்டற செர்வர். அதோட 9ல ஓடிட்டிருந்த பழைய வார் ஃபைலை (ஆப்பை மொத்தமா கட்டி வெச்ச ஃபைல்) எடுத்து அப்படியே 10ல போட்டீங்கன்னா ஒரு வேடிக்கை நடக்கும், இன்டெக்ஸ் ஜேஎஸ்பி சமத்தா ஓப்பன் ஆகும், லாகின் பட்டனை அமுக்கினா மட்டும் 404, லாக்ல ஒரு எரரும் இருக்காது. நான் ஒரு நாள் பூரா யூஆர்எல் மேப்பிங்ல எழுத்துப்பிழை இருக்கான்னு தேடிட்டு உக்காந்திருந்தேன்.

விஷயம் இதுதான். ஆரக்கிள் ஜாவா ஈஈயை (செர்வர் ஆப்புக்கான ஜாவா ஏபிஐ தொகுப்பு) எக்ளிப்ஸ் ஃபவுண்டேஷன் கிட்ட குடுத்தப்போ ஜாவாஎக்ஸ்ங்கற பேர்ல இருக்கற பேக்கேஜ்களை மாத்தி வளர்க்க உரிமை தரல, அதனால பேக்கேஜ் பேரு ஜகார்த்தான்னு மாறிடுச்சு. லாகின் மாதிரி ரிக்வெஸ்டை கவனிக்கற ஜாவா கிளாஸ்தான் செர்வ்லெட், அது எந்த யூஆர்எல்லுக்குன்னு கிளாஸ் மேலயே எழுதற குறிப்பு அனோட்டேஷன். டாம்கேட் 10 புதுப் பேர்ல இருக்கற அனோட்டேஷனை மட்டும்தான் தேடும், பழசை கண்டுக்கவே கண்டுக்காது, அதான் சத்தமில்லாம 404. இதே செர்வ்லெட்டை வெப் டாட் எக்ஸ்எம்எல்ங்கற கான்ஃபிக் ஃபைல்ல எழுதியிருந்தா கிளாஸ் கிடைக்கலன்னாவது கத்தியிருக்கும்.

அவசரம்னா பேசாம டாம்கேட் 9க்கே திரும்பிடுங்க. இல்லன்னா வெப்ஆப்ஸ் ஃபோல்டர் பக்கத்துலயே வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈன்னு ஒரு ஃபோல்டர் போட்டு வார் ஃபைலை அதுல வைங்க, டாம்கேட்டே பேக்கேஜ் பேரை மாத்தி டெப்ளாய் பண்ணிடும். சோர்ஸ் கோடையே மாத்தறதுன்னா இம்போர்ட்டோட சேர்த்து மேவன்ல (பில்ட் டூல்) செர்வ்லெட் ஏபிஐ டிபென்டன்சியையும் மாத்துங்க, ஸ்கோப் ப்ரொவைடட்னு இருக்கட்டும் (டாம்கேட்டே அதை குடுத்துடும்). ஆனா கண்ணை மூடிட்டு ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்றாதீங்க, ஜாவாஎக்ஸ் டாட் எஸ்க்யூஎல், ஜாவாஎக்ஸ் டாட் நேமிங் ரெண்டும் ஜேடிகே (ஜாவாவோட அடிப்படை கிட்) கூட வர்றது, பேரு மாறல.