பொது அறிவு வினாடி வினா: தெரிந்த விடையும் தவறிப்போவது எதனால்?

மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் எத்தனை தூண்கள்? மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "பேரிலேயே இருக்கே" என்று சட்டென்று ஆயிரம் என்பார்கள். விடை 985. மீதி 15 தூண்கள் நிற்க வேண்டிய இடத்தை இரண்டு சன்னிதிகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்து போட்டியில் உட்காரும் பையன் இதைப் புத்தகத்தில் படித்திருப்பான், சரியாகச் சொல்லிவிடுவான். வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளை தவறவிடும்.

சொந்த ஊர்க் கேள்விதானே என்ற அலட்சியம் இப்படித்தான் வேலையைக் காட்டும். கீழடி எந்த மாவட்டம் என்றால் மதுரை என்று வாய் முந்திக்கொள்ளும். மதுரையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம் என்பது உண்மைதான், ஆனால் அது சிவகங்கை மாவட்டம். வைகை அணை தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி பக்கம் இருக்கிறது. 1959இல் அணை திறந்தபோது அது மதுரை மாவட்டம், 1996இல்தான் தேனி தனியாகப் பிரிந்தது. அதனால் பழைய புத்தகம் மதுரை என்றுதான் சொல்லும். பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இலிருந்து நம் வயலுக்குத் தண்ணீர் தருகிறது, பராமரிப்பதும் தமிழ்நாடு அரசு. ஆனால் அணை நிற்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். 'மதுரை உயர் நீதிமன்றம்' என்று எல்லோரும் சொல்கிறோம், 2004இல் திறக்கப்பட்டது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. மீனாட்சி கோயிலில் உயரமான கோபுரம் எது? அம்மன் சன்னிதி வழியாக கிழக்கே நுழைந்து பழகியவர்கள் கிழக்குக் கோபுரத்தைச் சொல்வார்கள். தெற்குக் கோபுரம்தான் உயரம், சுமார் 170 அடி. தினமும் பார்க்கிற விஷயத்தையும் ஒரு தடவை புத்தகத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. விடையை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, கேள்வியில் இருக்கும் நிபந்தனையை விட்டுவிடுவது. பொது அறிவுக் கேள்வியில் 'முதல்', 'பெரிய', 'நீளமான', 'சுதந்திர இந்தியாவின்', 'இந்தியர்' மாதிரி வார்த்தைகள் ஒப்புக்கு வருபவை இல்லை. பாதி விடை அவற்றில்தான் இருக்கிறது.

'தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்?' என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் போட்டிகளில் அடிக்கடி வருவது. சென்னை மாகாணத்தில் 1920 தேர்தலுக்குப் பிறகு முதலில் அந்தப் பதவிக்கு வந்தவர் சுப்பராயலு ரெட்டியார். 1947 ஆகஸ்ட் 15 அன்று பொறுப்பில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1950இல் நாடு குடியரசானபோது பதவியில் இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான குமாரசாமி ராஜா. 1952இல் முதல் பொதுத் தேர்தலுக்குப் பிறகு பொறுப்பேற்றவர் ராஜாஜி. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாக மாநில எல்லைகள் மாறியபோது முதல்வர் காமராஜர். 1969 ஜனவரி 14 அன்று 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்தபோது முதல்வர் அண்ணா. ஆறு பேர், ஆறு பேருக்கும் ஆதாரம் உண்டு. கேள்வி கேட்பவர் எதை மனதில் வைத்திருக்கிறார் என்று போட்டியாளர் எப்படி ஊகிப்பார்?

மேடையில் இப்படி ஒரு கேள்வி வந்தால், பேச வாய்ப்பு இருக்கும் போட்டியில் தயங்காமல் கேளுங்கள்: "சார், எந்த ஆண்டுக் கணக்கில் கேட்கிறீர்கள்?" நல்ல நடுவர் அதைத் தவறாக எடுக்கமாட்டார். கேட்க வழியில்லை என்றால் வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'தமிழ்நாடு என்று பெயர் மாறிய பின்' என்று வந்தால் அண்ணா. 'சென்னை மாகாணத்தின்' என்று வந்தால் 1920க்குப் போங்கள். வீட்டில் படிக்கும்போதே 'முதல்' என்று வரும் எந்த வரியையும் இப்படி உடைத்து எழுதி வைத்தால், அந்த ஒரு தாள் ஒரு கைடு முழுவதற்கும் மேலாக உதவும்.

சுதந்திர இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன். முதல் இந்திய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. ஒரு வார்த்தை இடம் மாறினால் ஆளே மாறிவிடுகிறார். விண்வெளிக்குப் போன முதல் இந்தியர் 1984இல் ராகேஷ் சர்மா. 1997இல் போன கல்பனா சாவ்லா ஹரியானாவில் பிறந்தவர், ஆனால் போனபோது அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தார். அதனால் அவர் விஷயத்தில் 'இந்திய வம்சாவளி' என்ற சொல் முக்கியம். 2025இல் சுபான்ஷு சுக்லா போனார். அவர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் இந்தியர், விண்வெளிக்குப் போன முதல் இந்தியர் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி நம் மதுரையில் பிறந்தவர், 1998இல் பாரத ரத்னா பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் இசைக் கலைஞர் அவர். முதல் பெண் என்று கேட்டால் விடை இந்திரா காந்தி, 1971. உலகின் பெரிய பாலைவனம் சகாரா என்று சொல்லிப் பழகிவிட்டோம். 'வெப்பப் பாலைவனம்' என்று கேட்டால்தான் அது சரி. வெறும் பாலைவனம் என்றால் அண்டார்டிகா.

அடுத்தது பழைய விடை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அண்ணன், அக்கா படித்த கைடையே வைத்துப் படிப்பது நம் பக்கம் வழக்கம். வரலாறு, இலக்கியத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் 2019க்கு முந்தைய கைடு தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று சொல்லும், இப்போது 38. எவரெஸ்ட் 8,848 மீட்டர் என்று இருக்கும். 2020இல் நேபாளமும் சீனாவும் அறிவித்த அளவு 8,848.86. மக்கள்தொகையில் முதல் நாடு சீனா என்று அச்சாகியிருக்கும், ஐ.நா. மதிப்பீட்டின்படி 2023இல் இந்தியா முந்திவிட்டது. அதிகத் துணைக்கோள்கள் கொண்ட கோள் வியாழனா சனியா என்பது சில ஆண்டுகளில் முன்னும் பின்னும் மாறிக்கொண்டே இருந்தது. 2025 மார்ச்சில் புதிதாக 128 சேர்ந்து சனி 274க்குப் போய்விட்டது. கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானா, 2019இல் நூர்-சுல்தான் ஆகி, 2022இல் மறுபடி அஸ்தானாவானது. எண்ணிக்கை, உயரம், பதவி, தலைநகர் என்று வருவதை எல்லாம் புத்தகம் அச்சான ஆண்டைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இலிருந்து இருக்கிறது. போட்டித் தேர்வுப் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர் உட்கார்ந்து படிக்கிறார்கள். சந்தேகமான பத்துக் கேள்வியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு மதிய நேரம் போனால் எல்லாவற்றையும் சரிபார்த்துவிடலாம்.

பழசாகிப்போன விடை ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. எப்போதுமே உண்மையாக இல்லாதவை வேறு வகை. அவற்றை வாட்ஸ்அப் பரப்புகிறது, சில சமயம் அச்சிட்ட வினா வங்கியிலும் நுழைந்துவிடுகின்றன. நம் தேசிய கீதத்தை உலகின் சிறந்த கீதம் என்று யுனெஸ்கோ அறிவித்தது என்பது பொய். அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்பதும் அப்படித்தான். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று 2012இல் மத்திய விளையாட்டுத் துறையே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் கொடுத்தது. இந்தியாவின் தேசிய மொழி எது என்று கேட்டால், அரசியலமைப்பில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. 343ஆம் பிரிவு பேசுவது ஒன்றிய அரசின் ஆட்சிமொழி பற்றி, எட்டாவது அட்டவணையில் இருப்பவை 22 மொழிகள். நிலாவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பதை நானும் சின்ன வயதில் புத்தகத்தில் படித்தவன்தான். 2003இல் பூமியைச் சுற்றி வந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், பூமிக்கு அவ்வளவு பக்கத்திலிருந்தே தமக்குச் சுவர் தெரியவில்லை என்று சொன்னார். அப்புறம் நிலாவிலிருந்து எங்கே தெரியும்?

பஸ்ஸர் சுற்றில் நடக்கும் தவறு வேறு மாதிரி. கேள்வி இப்படித் தொடங்குகிறது: "1930இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற..." அதற்குள் ஒரு கை பஸ்ஸரில் விழுந்து "சர் சி.வி. ராமன்" என்று விடை வந்துவிடும். கேள்வியின் மிச்சம்: "...சி.வி. ராமனின் அண்ணன் மகன், அவரும் அதே துறையில் நோபல் பெற்றவர், யார்?" விடை 1983இல் பெற்ற சந்திரசேகர். முதல் பாதியில் முழு விடையும் கிடைப்பதுபோல் தெரிந்தால் அங்கேதான் நிதானம் வேண்டும். கேள்வி எழுதுபவர் தெரிந்த பெயரை முன்னால் வைத்துத் தெரியாத பெயரைப் பின்னால் வைப்பார்.

கேட்காததைச் சேர்த்துச் சொல்வதும் மதிப்பெண்ணைக் கெடுக்கும். காந்தி மதுரையில் எந்த ஆண்டு அரையாடைக்கு மாறினார்? 1921 என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். "1921இல், காந்தி மியூசியத்தில்" என்று சொன்னால் போச்சு. அவர் தங்கியிருந்தது மேலமாசி வீதியில் ஒரு வீடு. மியூசியம் தமுக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில், 1959இல் திறக்கப்பட்டது. பின்பாதியைத் தவறாகச் சொன்னால் முழு விடையையும் தவறு என்று எடுக்கும் நடுவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் அமைப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் செய்யும் தவறால் ஒரு அணிதான் தோற்கும், நீங்கள் செய்யும் தவறு போட்டியையே கெடுத்துவிடும். இரண்டு விடை சொல்ல முடிகிற கேள்வியை வைக்கவே வைக்காதீர்கள். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது எந்தக் கோபுரம் என்று மதுரையில் ஒரு பள்ளியில் கேட்டுப் பாருங்கள், அரங்கமே இரண்டுபடும். கைடுகளில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர். அது நம் மேலக்கோபுரம்தான் என்று வாதாடுபவர்கள் இங்கே எப்போதும் உண்டு. இரு பக்கமும் பேச்சு இருக்கும்போது மதிப்பெண்ணை அதில் கட்டுவது நியாயமில்லை. உலகின் நீளமான ஆறு நைலா அமேசானா என்பதும் அளப்பவரைப் பொறுத்து மாறுகிறது. இலங்கையின் தலைநகர் என்று மொட்டையாகக் கேட்டால் கொழும்பு என்பவரும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே என்பவரும் சண்டைக்கு வருவார்கள். 'நாடாளுமன்றம் அமைந்திருக்கும் தலைநகர்' என்று ஒரு சொல் கூட்டினால் சண்டை தீர்ந்துவிடும். கேள்வியை எழுதியதும் அந்தப் பாடம் நடத்தாத இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்து, "இதற்கு வேறு விடை சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள்.

தொலைக்காட்சியில் கோடி ரூபாய் வகை நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர்கள் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். 2020இல் கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'யில் ஒரு கோடி வென்றவர் காது கேளாத, வாய் பேச இயலாத மதுரைப் பெண். நம் ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். அந்த மேடையில் அறிவோடு லைஃப்லைனைப் பயன்படுத்தும் நிதானமும் வேண்டும். பார்வையாளர்களிடம் கேட்கும் வாய்ப்பு சினிமா, கிரிக்கெட், சாப்பாடு மாதிரி எல்லோருக்கும் பழக்கமான கேள்விக்குத்தான் நன்றாக வேலை செய்யும். வேதியியல், உலக வரலாறு என்று போய்விட்டால் அரங்கமும் ஊகித்துத்தான் அழுத்தும். கடைசிக் கேள்விகளுக்காக அதைப் பொத்தி வைக்காதீர்கள். நண்பருக்குப் போன் செய்யும் வாய்ப்புக்கு ஒரே ஆளை எல்லாவற்றுக்கும் நம்பாமல் துறைக்கு ஒருவராகப் பெயர் கொடுங்கள். லைன் கிடைத்ததும் நலம் விசாரிக்காமல் கேள்வியையும் நான்கு விடைகளையும் வாசித்துவிடுங்கள், முப்பது நொடி என்பது அவ்வளவுதான். எந்தக் கேள்வியில் தோற்றால் எவ்வளவு பணத்துக்கு இறங்குவோம் என்பதை வீட்டிலேயே தாளில் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். நான்கில் இரண்டைக்கூட நிச்சயமாக ஒதுக்க முடியாத கேள்வியில், ஜெயித்த பணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வருவதில் ஒரு குறையும் இல்லை.