வாய்க்கு முன் காது: ஸ்பானிஷ் மொழி ஊழியத்துக்குத் தயாராகிறவர்கள் செய்யும் தவறுகள்

லத்தீன் அமெரிக்காவுக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் புறப்படும் ஒவ்வொரு குழுவும், முன்னால் போனவர்கள் விழுந்த அதே குழியில்தான் விழுகிறது. 'எம்பராசாதா' என்றால் வெட்கப்பட்டவள் அல்ல, கர்ப்பிணி என்பதை எல்லாப் பயிற்சியிலும் முதல் நாளே சிரித்துச் சிரித்துச் சொல்லிவிடுவார்கள். அந்த மாதிரி விஷயங்களை இங்கே எடுக்கவில்லை. யாரும் எச்சரிக்காத, சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகிறவை மட்டும்.

சாட்சியை மனப்பாடம் செய்துகொண்டு போவது

இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான். தான் விசுவாசத்துக்கு வந்த கதையை, பத்து நிமிடச் சாட்சியாக ஸ்பானிஷில் எழுதி, ஆசிரியரிடம் திருத்தி, கண்ணாடி முன் நின்று ஒப்பிக்கச் சொல்லுவார்கள். கற்பவரும் மூன்று மாதத்தை அதிலேயே செலவழிப்பார்.

நடப்பது இப்படி. கூட்டம் முடிகிறது. உச்சரிப்பு பிசகவில்லை, ஆமென்களும் வந்தன. வாசலில் ஒரு மூதாட்டி கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் அரை நிமிடம் பேசுகிறார். வந்தவருக்குப் பிடிபட்டது 'மி இஹோ', என் மகன் என்பது மட்டும். புன்னகையோடு தலையாட்டி 'குளோரியா அ தியோஸ்' என்கிறார், தேவனுக்கு மகிமை. மூதாட்டி கையை விடுவித்துக்கொள்கிறார். 'செ மே முரியோ மி இஹோ' என்றுதான் அவர் தொடங்கியிருந்தார்: என் மகன் செத்துப்போய்விட்டான்.

திக்கித் திணறிப் பேசுகிறவரிடம் எதிரில் இருப்பவர் தானாகவே மெதுவாகப் பேசுவார், எளிய சொல்லாகத் தேடுவார். சரளமாக ஒப்பித்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அவர் எல்லாம் அறிந்தவர் என்று நம்பி ஊர்ப் பேச்சின் முழு வேகத்தில் பேசுவார்கள். காது இன்னும் அரிச்சுவடியில் இருக்கும். வாயோ சங்கடத்தை மறைக்க 'சி, சி', ஆம், ஆம், என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்த 'சி' ஒரு வாக்குறுதி. சனிக்கிழமை வீட்டுக்கு வா என்றதற்கும், மருந்து வாங்கித் தருவாயா என்றதற்கும் 'சி' சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால், காது கேட்கவில்லை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். சொன்ன சொல் காப்பாற்றாதவர் என்றுதான் நினைப்பார்கள்.

பாடநூல் ஒலிப்பதிவு இதற்கு உதவாது. கியூபா, டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, கொலம்பியாவின் கரீபியக் கரை ஆகிய இடங்களில் அசையின் இறுதியில் வரும் 'ஸ்' வெறும் மூச்சாகும் அல்லது காணாமலே போகும். 'எஸ்தாஸ்' என்பது 'எஹ்தா'. 'பாரா' என்பது 'பா'. மாற்கு 1:17-இல் வரும் மனிதரைப் பிடிக்கிறவர்கள் 'பெஸ்காதோரெஸ்'. 'ஸ்' ஒன்றை நீக்கினால் 'பெகாதோரெஸ்', பாவிகள். அங்குள்ளவர்களுக்கு இரண்டையும் பிரிக்க அந்தச் சிறு மூச்சும் பேச்சின் போக்கும் போதும். உங்களுக்குப் போதாது.

செய்ய வேண்டியது: படிக்கும் ஒவ்வொரு மூன்று மணி நேரத்திலும் இரண்டைக் கேட்பதற்கு ஒதுக்குங்கள். போகப்போகும் அதே நாட்டு வானொலியிலிருந்து இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எடுங்கள். எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். நான்காம் முறை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி எழுதுங்கள். பிறகு ஆசிரியரோடு ஒப்பிடுங்கள். தெரியாத சொற்களை விட்டுவிடுங்கள். தெரிந்திருந்தும் காதில் விழாத சொற்களுக்குத்தான் அடிக்கோடு. அன்றைய பாடம் அவைதான்.

கூடவே மூன்று தொடர்களை அனிச்சையாக வரும்வரை பழகுங்கள். 'நோ லே எந்தெந்தி பியென்': நீங்கள் சொன்னது சரியாகப் புரியவில்லை. 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபாவோர்': கொஞ்சம் மெதுவாக. 'மே எஸ்தா தீசியெந்தோ கே...': நீங்கள் சொல்வது இதுதானா என்று திருப்பிச் சொல்லிக் கேட்பது. கடைசித் தொடருக்குத்தான் மதிப்பு அதிகம். சாட்சி சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஆறு வாக்கியத்தில், சொந்தத் தட்டுத்தடுமாறலோடு சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் பிரசங்க மேடை வேண்டாம்.

ஆப் போதும் என்பது

அமெரிக்க அரசு தன் தூதரக ஊழியர்களுக்கு, அதுவும் ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கு, ஸ்பானிஷுக்கென்று ஒதுக்குவது 600 முதல் 750 வகுப்பு மணி. ஆப்பில் தினம் 20 நிமிடம் ஆறு மாதம் என்றால் 60 மணி.

தேவனுக்கு 'உஸ்தெத்', பாட்டிக்கு 'தூ'

தமிழில் 'நீர்', 'உம்முடைய' என்று ஜெபித்துப் பழகிய நாக்கு, ஸ்பானிஷ் ஜெபத்திலும் மரியாதை வடிவமான 'உஸ்தெத்'துக்குத் தாவும். அங்கே பரமண்டல ஜெபமே 'சாந்திஃபிகாதோ சேயா து நோம்ப்ரே' என்று, ஒருமையில் நெருக்கமாக அழைக்கிறது. உஸ்தெத் போய்ச் சேர வேண்டிய இடம் மூத்தவர்களும் முதல்முறை சந்திப்பவர்களும். அதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அர்ஜென்டினா, உருகுவே, மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதி ஆகியவற்றில் நெருக்கமான ஒருமையான தூவின் இடத்தில் 'போஸ்' வரும். 'உன்னிடம் இருக்கிறது' என்ற 'தியேனெஸ்' அங்கே 'தெனேஸ்' ஆகும். கோஸ்டா ரிக்காவில் நண்பர்களுக்கும் பிள்ளைகளுக்கும்கூட உஸ்தெத் சொல்வது சாதாரணம். எந்த நாடு என்று முடிவான பிறகு ஆசிரியரைத் தேடுங்கள்.

வேதாகமத்தையே பாடநூலாக்குவது

1569-இல் முதலில் வெளிவந்த ரெய்னா மொழிபெயர்ப்பின் வழிவந்த ரெய்னா-வலேரா 1960 பதிப்புதான் சுவிசேஷ (புராட்டஸ்டன்ட்) சபைகள் பலவற்றின் கையில் இருக்கிறது. அதில் 'நீங்கள்' என்பதற்கு 'போசோத்ரோஸ்'. லத்தீன் அமெரிக்கத் தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, 'உஸ்தேதெஸ்' என்பார்கள். சந்தையில் போசோத்ரோஸ் போட்டால், செந்தமிழில் தக்காளி விலை கேட்பது போல இருக்கும்.

இரண்டு சொற்கள்

'கிறிஸ்தியானோ' என்பதைப் பல நாடுகளில் சுவிசேஷ சபையார் தங்களைக் குறிக்கவே பயன்படுத்துகிறார்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் உட்கார்ந்து 'நீங்கள் கிறிஸ்தியானோவா?' என்று கேட்டால், வீட்டுக்காரர் புண்படுவது நியாயம்தான். கத்தோலிக்கருடைய ஆராதனை 'மிசா', சுவிசேஷ சபையாருடையது 'குல்தோ', மாற்றிச் சொல்லாதீர்கள்.

'இந்தியோ' அங்கே பூர்வகுடிகளை இழிவாகச் சொல்லும் சொல். 'இந்து' என்று ஊர்க்காரர்கள் இந்தியரைக் குறிப்பார்கள், நாடு என்ற பொருளில். ஊழியக்காரர் தன்னையே அப்படிச் சொன்னால் குழப்பம்தான். 'சோய் தே லா இந்தியா', இந்தியாவிலிருந்து வருகிறேன், என்று சொல்லிவிட்டால் வம்பில்லை.

தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பது

'பெசோ' பணமா, முத்தமா? நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். இந்தக் கட்டுரைக்கு வேறு வழியில்லை, உங்கள் நோட்டுக்கு உண்டு: ஸ்பானிஷ் எழுத்திலேயே எழுதுங்கள்.

ஸ்பானிஷ் எல்லாருக்கும் தாய்மொழி என்று எண்ணுவது

குவாத்தமாலாவில் அங்கீகரிக்கப்பட்ட மாயா மொழிகள் 22. பொலிவியாவின் 2009 அரசியலமைப்பு ஸ்பானிஷோடு 36 பூர்வகுடி மொழிகளை ஆட்சிமொழி என்கிறது. பராகுவேயில் குவாரனி 1992 முதல் ஆட்சிமொழி. மலைக்கிராமத்தில் எதிரில் இருப்பவருக்கும் ஸ்பானிஷ் இரண்டாவது மொழியாக இருக்கலாம். அவர் தயங்கினால் குரலை உயர்த்தாதீர்கள். அவருடைய மொழியில் வணக்கமும் நன்றியும் எப்படிச் சொல்வது என்று கேளுங்கள்.

அறைக்குள் நுழைந்து பொதுவாக ஒரு 'ஹலோ'

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லுங்கள். கிளம்பும்போதும்.