முதியவருக்குப் புற்றுநோய்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வைத்துச் சிகிச்சையை முழுதாக முடிப்பது எப்படி?

புற்றுநோய் உறுதியான பிறகு எந்தக் காப்பீடும் கிடைக்காது என்று நம்பி நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் ஏராளம். தனியார் பாலிசிகளில் அந்தச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இல்லை. நோய் தெரிந்த பிறகும் அட்டை எடுக்கலாம், வயது தடையில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்.

ரேஷன் கார்டு, ஆதார், வருவாய்த் துறை தந்த வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். முதியவர்கள் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால்தான்: ரேஷன் கார்டில் பெயர் இல்லை, ஆதாரில் இனிஷியல் வேறு, உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியவில்லை. பெயரை முன்பே சரிசெய்யுங்கள். ஆதாருடன் கைபேசி எண்ணை இணைத்துவிட்டால் ரேகை பதியாதபோது ஓடிபி கைகொடுக்கும். மகன் கார்டில் பெற்றோர் பெயர் இருந்தால் மகனின் வருமானமும் கணக்கில் சேரும். தனியாக வாழும் வயதான தம்பதி தனிக் கார்டு வைத்திருப்பது நல்லது.

70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பாராமல் 5 லட்சம் தரும் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் தொடங்கியது. சேரவிருக்கும் மருத்துவமனை அதை ஏற்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அதற்கான உதவி எண் 14555.

அட்டை வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். காப்பீடு சிகிச்சைக்கு மொத்தமாகப் பணம் தருவதில்லை. அறுவைக்கு ஒரு ஒப்புதல், கதிர்வீச்சுக்கு ஒன்று, கீமோவுக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் தருகிறது. முதியவர்களின் சிகிச்சை அறுந்துபோவது இந்த ஒப்புதல்களுக்கு இடைப்பட்ட நாட்களில்தான்.

கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பாருங்கள். வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு, வாரம் ஒரு கீமோ, பிறகு உள்ளே கருவி வைத்துத் தரும் பிராக்கிதெரபி, மூன்றும் சேர்ந்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். நாள் நீள நீள நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் பிராக்கிதெரபி கருவி எல்லா மருத்துவமனையிலும் இல்லை. திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனைகூட எல்லாப் பிரிவுக்கும் அனுமதி பெற்றிருக்காது. ஆகவே முதல் நாளே காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள்: எங்களுக்குத் தேவையான எல்லாச் சிகிச்சையும் இங்கேயே அட்டையில் நடக்குமா? இல்லையென்றால் எங்கே, எந்த வாரம், யார் கடிதம் தருவார்கள்? வாய், தொண்டைப் புற்றுநோயில் அறுவை முடிந்த 6 வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும். தையல் பிரிக்கும் வரை காத்திராமல் அந்த ஒப்புதலுக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

ஒப்புதல் தாமதமாவது பெரும்பாலும் காகிதக் குறையால்தான். பயாப்சி (திசுச் சோதனை) அறிக்கையில் பெயர் மாறியிருக்கும், ஸ்கேன் பழையதாக இருக்கும், நோயின் நிலை எழுதப்பட்டிருக்காது, பல துறை மருத்துவர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட சிகிச்சைத் திட்டம் இருக்காது. வயதானவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கு ஒப்புதல் வாங்கிய பிறகு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் கூடுதல் என்று தெரிந்து மருந்தை மாற்றினால் ஒப்புதலையும் மாற்றி வாங்க வேண்டிவரும். கிரியாட்டினின், எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனைகளை விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். நோயை உறுதிசெய்யும் வரையான சோதனைச் செலவு பெரும்பாலும் கையிலிருந்துதான் போகும். அதை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்வதே சரி.

5 லட்சம் குடும்பத்துக்குப் பொது. அதே ஆண்டில் வீட்டில் வேறொருவருக்கு இதய அறுவை நடந்திருந்தால் மீதி எவ்வளவு என்று கீமோ தொடங்கும் முன் பாருங்கள்.

அட்டை கொடுக்காதது தங்குமிடமும் போக்குவரத்தும். ஐந்தாறு வாரம் தினமும் வர முடியாமல் பாதியில் நிறுத்துபவர்கள் பலர். குறுகிய காலக் கதிர்வீச்சு சரிப்படுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மார்பகத்துக்குப் பலருக்கு 15 தவணை போதும். எலும்புக்குப் பரவிய வலிக்கு ஒரே தவணை பெரும்பாலும் பலன் தரும். மருத்துவமனை தரும் சான்றைக் காட்டினால் ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு 75 சதவீதம்.

அட்டையில் ஒப்புதல் கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதுங்கள். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டிலேயே வலி நிவாரணப் பராமரிப்பு வேண்டுமென்றால் அதற்கு இந்த அட்டையே தேவையில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தால் போதும்.